பால் பொங்கிய வீடு

சிதம்பரத்தில், அண்ணாமலை நகரை ஒட்டிய தெருவில், புதுக்குடித்தனத்துக்குப் பால் பொங்குகிறது. "ரெண்டு பேரும் கல்யாணமாயிதான் இந்த வூட்ட காலி பண்ணணும்," என்று சிரிக்கிறாள் வீட்டுக்காரம்மா பட்டம்மாள். கலைமணியும் எழிலரசியும் ஒருத்திக்கு ஒருத்தி என்று வாழ்கிறவர்கள். பட்டம்மாளிடம் சொன்னதென்னவோ தோழிகள் என்று. உண்மை தெரிந்துதானே கடலூரில் குடியிருந்த வாடகை வீட்டைவிட்டுக் கிளப்பினார்கள்? கலைமணி டம்ளர் பாலை ஒரே மடக்கில் குடிக்கிறாள். அவள் மேலுதட்டில் ஒட்டிய பால்நுரையை, பாவம், பழக்கத்தில் எழிலரசி தன் முந்தானையால் துடைத்துவிடுகிறாள். துடைத்த கை அப்படியே நின்றுபோகிறது. பட்டம்மாள் பார்த்துவிட்டாள். சிரிப்பைக் காணோம். அடுப்பில் மிச்சப் பால் ஆடை கட்டுகிறது. தெருவில் மீன்காரி கிள்ளைக் கடற்கரை இறால் என்று கூவிப் போகிறாள். "முதல்ல அந்த ஜன்னலுக்கு ஒரு ஸ்கிரீன் வாங்கி மாட்டுங்கம்மா," என்கிறாள் பட்டம்மாள், குரலைத் தாழ்த்தி. "எதிர் வூட்டுல கண்ணு ஜாஸ்தி." கலைமணி மெல்லத் திரும்புகிறாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தே இருக்கிறது.