ஆயிரம் மடங்கு

மனித குலம் குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கதிர்வீச்சு என்னும் பேராபத்திலிருந்து அவர் தம் மனைவியைக் காப்பாற்றி இன்றோடு பதினான்கு மாதங்கள் நிறைவடைகின்றன.

காப்பாற்றப்பட்டவள் பல் மருத்துவரின் நாற்காலியில் மல்லாந்திருந்தாள்.

இடது கன்னம் பன் ரொட்டிபோல் உப்பியிருந்தது.

டாக்டர் பெனிட்டா அவள் மார்பின் மேல் கனத்த ஈய அங்கியைப் போர்த்தினாள். எக்ஸ்ரே எடுக்க இந்த முறை யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

"சார், ஒரு நிமிஷம் வெளியே நில்லுங்க."

முப்பத்தொரு வருடம் நாகர்கோவிலில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்தியவர் அவர். பெனிட்டாவும் அவரிடம் படித்தவள்தான். பிறரை வெளியே நிறுத்தித்தான் அவருக்குப் பழக்கம்.

நின்றார்.

போன முறை இப்படி இல்லை. அது வழக்கமான பரிசோதனை. அவர் மனைவி லீலாபாய்க்கு வலி இல்லை, வீக்கம் இல்லை. பெனிட்டா சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். வெளியே எல்லாம் சுத்தம், ஆனால் இரண்டு பல்லுக்கு நடுவே சொத்தை இருந்தால் எக்ஸ்ரேயில்தான் தெரியும், கடைசியாக எடுத்து நாலு வருஷம் ஆகிறது, ஒரு படம் எடுத்துவிடலாமா என்று பணிவாகக் கேட்டாள்.

கேட்டிருக்கக் கூடாது.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வீட்டிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஒரு படத்துக்கு ஐந்து மில்லிசீவர்ட் கதிர்வீச்சு. மண்ணும் வானமும் சேர்ந்து இரண்டு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் ஏற்றுவது, ஒரே சொடுக்கில். ஆபத்து இல்லையென்றால், படம் எடுக்கும்போது நீ ஏனம்மா வெளியே ஓடுகிறாய்?

பெனிட்டா தாளை வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி சார்" என்றாள்.

அந்த வெற்றியை அவர் வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை. காலை நடையில் விளக்கவுரை நிகழ்த்தினார். நண்பர்கள் ஒன்பது பேர் உடனே தத்தம் மனைவிமாரைக் காப்பாற்றினார்கள்.

இப்போது வெளியே நின்றவருக்குச் சுவரைத் தவிர படிக்க எதுவும் இல்லை. பல் எக்ஸ்ரே பற்றி நோயாளிகள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் ஒட்டியிருந்தார்கள். விடைத்தாள் திருத்துகிறவர் போல, எங்கே மடக்கலாம் என்று பார்த்துக்கொண்டே படித்தார்.

சிறிய படம் ஒன்றுக்குச் சுமார் ஐந்து மைக்ரோசீவர்ட்.

மைக்ரோ.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். சுவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

எண் சரி. அலகு தப்பு. மைக்ரோ என்பது மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஆயிரம் மடங்கு. ஒரு நாள் முழுக்கச் சும்மா ஈசி சேரில் கிடந்தாலே அதைவிட அதிகம் ஏறும். அவர் கிடந்த நாட்கள் அநேகம்.

'ஓடுகிறாய்' கேள்விக்கும் கீழேயே பதில் இருந்தது. நோயாளிக்கு எப்போதோ ஒரு படம். எடுக்கிறவருக்கு நாள் முழுக்க, வருடம் முழுக்க. அதனால் தள்ளி நிற்கிறார்.

அலகு பிழையானால் விடையே பிழை என்று மொத்த மதிப்பெண்ணையும் பிடுங்கியவர் அவர். அழுதவர்கள் உண்டு. அழட்டும், அப்போதுதான் மறக்காது என்பார்.

"வாங்க சார்."

கணினித் திரையில் அடுத்தடுத்து இரண்டு கடைவாய்ப் பற்கள். ஒன்றையொன்று தொடும் இடத்தில் இரண்டிலும் கறுப்பு. மேலே துளிதான். உள்ளே குடைந்து குடைந்து வேர் வரைக்கும் இறங்கியிருந்தது.

"அப்பவே பாத்திருந்தா அடைச்சே..." பெனிட்டா பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"பெனிட்டா, அந்தக் கணக்குல..."

"அன்னைக்கே பாத்தேன் சார்." அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மில்லின்னு போட்டிருந்தீங்க. உங்ககிட்ட போயி அலகு தப்புன்னு நான் எப்படி சார் சொல்ல? சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

தப்பையும் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

நாற்காலியிலிருந்து லீலாபாயின் குரல் ஒரு பக்கமாக வந்தது.

"எனக்கு அடுத்த மாசமே கூச ஆரம்பிச்சிட்டு மக்களே. தண்ணி பட்டா சுருக்குன்னு இழுக்கும். இவிய நம்மளக் காப்பாத்திட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வாறாவ. அத நான் எப்படிக் கெடுக்க?"

ஒரு வருடத்துக்கு மேலாக அவள் வலப்பக்கமாகவே மென்றாள். அவர் பார்த்திருக்கிறார். நிதானமாகச் சாப்பிடுவது ஜீரணத்துக்கு நல்லது என்று பாராட்டியும் இருக்கிறார்.

வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது இரண்டு வார்த்தை. வந்தது முன்னுரை.

"பொதுவா, இந்த அலகு மாற்றங்கள்ல பார்த்தா..."

"வாயத் திறக்க வேண்டியது நானாக்கும்" என்றாள் லீலாபாய். "நீங்க எதுக்குத் திறந்துட்டு நிக்கிய?"

பெனிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. முகக்கவசம் காப்பாற்றியது.

அவர் மூடிக்கொண்டார்.

ஊசி போட்டாள். உதடு மரத்துக் கோணியது. பஞ்சுருளை வைத்தாள். லீலாபாய் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கை நாற்காலியின் பிடியை இறுக்கியிருந்தது. அதன்மேல் தன் கையை வைப்பதா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

பிறகு குனிந்து, முன்னுரை இல்லாமல் சொன்னார்.

"என் தப்பு, லீலா."

லீலாபாய் பஞ்சு வைத்த வாயை அகலத் திறந்தாள்.

பற்கள் இரண்டு எடுக்கப்பட்டன.

இரண்டும் அவளுடையவை.