கைமாறும் நாற்காலி

கணவர் போன பிறகு அவருடைய சக்கர நாற்காலியைப் பார்க்கப் பொறுக்காமல் பியூலா அதை ஃபேஸ்புக்கில் போட்டாள். வேண்டியவர் சும்மா எடுத்துக்கொள்ளலாம்; தேவை தீர்ந்ததும் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, அங்கேயே ஒரு படம் போட வேண்டும். முகம் தெரியாத வீடுகளிலெல்லாம் நாற்காலி ஏறி இறங்கியது. யாராவது உட்கார்ந்திருக்கும் படம் வரும். பிறகொரு நாள் வெறும் நாற்காலி வரும்: 'அடுத்து யாருக்கு வேணும்?' உட்கார்ந்திருந்தவர் என்ன ஆனார் என்று யாரும் எழுதுவதில்லை. பார்க்கிறவர்கள் கும்பிடும் கை எமோஜிகளை வரிசையாகப் போட்டுவிட்டுப் போவார்கள்.

"என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேளேன்," என்பாள் கணவரின் அக்கா மெர்சி.

"மாட்டேன் மதினி. நான் கேக்காத வரைக்கும் எல்லாரும் எந்திரிச்சு நடந்துட்டாங்க."

கடைசியாக அது தாராபுரத்துக்குப் போனது. படத்தில் இருந்த பெண் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. மடியில் செத்துக் கிடந்த மாதிரி கிடந்த வலது கையில் ஒரு தேள் பச்சை குத்தியிருந்தது. பியூலா அந்தத் தேளை அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்வாள்.

இன்று மத்தியானம் வெறும் நாற்காலி வந்தது. வழக்கம்போல் கும்பிடும் கையை அழுத்தப் போனவள் நின்றாள். நாற்காலியைப் பின்னாலிருந்து யாரோ வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஆள் படத்தில் விழவில்லை. முழங்கை வரைக்கும் ஒரு கை மட்டும். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். தேள்.

"மதினி," என்றாள். பக்கத்திலிருந்த மெர்சியிடம் போனை நீட்டினாள். "உக்காந்துக்கிட்டு யாராலயும் இப்படித் தள்ள முடியாதுல்ல?"