மாட்டிக்கொண்ட பெல்ஜியத்துக்காரன்

காரை விற்றுவிட்டால் அந்த ஆளையும் சேர்த்துத் தொலைத்துவிடலாம் என்றுதான் யாமினி நினைத்தாள். பதினோரு வருஷமாக அவளையும் அவள் கணவனையும் தனியாக விடாமல் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தவன்.

“ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா ஆன்ட்டி?” என்று கேட்டாள் மாளவிகா. பக்கத்து ஊரான எடிசனில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். முதல் கார் வாங்க ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் யாமினி வீடு வரை வந்திருக்கிறாள்.

“பண்ணும்மா. ஒன்றரை மாசமா டிரைவ்வேலயே நிக்குது.”

சாவியைத் திருப்பியதுதான் தாமதம், அவன் பாட ஆரம்பித்துவிட்டான். மூச்சு வாங்கக்கூட நேரமில்லாதவன் போல ஒரு பாட்டு.

“ஃப்ரெஞ்சா ஆன்ட்டி? யாரு இது?”

“பெல்ஜியத்துக்காரன். நல்லா ஓஹோன்னு இருந்தப்பவே, இனிமே மேடை ஏற மாட்டேன்னு இறங்கிட்டானாம். அப்புறம் சினிமால நடிச்சான். அதுவும் அலுத்துப்போய் எங்கயோ ஒரு தீவுல போய் உக்காந்துட்டான். அம்பது வயசைத் தொடல, போய்ச் சேந்துட்டான்.” யாமினி பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். “அவன் ஊர்ல சிலையெல்லாம் வெச்சிருக்காங்களாம். இங்க என் கார்ல சிடியா மாட்டிக்கிட்டு உயிரை வாங்கறான்.”

எல்லாம் அவள் கணவர் நெடுஞ்செழியன் சிக்னலுக்குச் சிக்னல் தவணை முறையில் சொன்னது. மனிதர் வாய் திறந்து அதிகம் பேசியதே அந்தப் பாடகனைப் பற்றித்தான். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை வராது. போகும்போதும் அப்படித்தான், ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஆபீஸ் லிஃப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து யாமினிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இன்ஷூரன்ஸ் பேப்பரில் கையெழுத்துப் போட்டாள், மகளுக்கு லஞ்ச் கட்டினாள், துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காபி கலந்தாள். “ஒரு தடவை வாய்விட்டு அழுதுடு யாமினி, இல்லேன்னா உடம்புக்கு ஆகாது” என்று நாத்தனார் தினமும் போனில் அழுதுகொண்டே சொன்னாள். அழுவதற்கு என்ன சுவிட்சா இருக்கிறது?

இத்தனைக்கும் இது அவளை அழவைத்த பாட்டு. இந்தக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கிய புதிதில் ஊரில் அவள் அப்பா இறந்துபோனார். கிரீன் கார்டு பேப்பர் பாதியில் நின்றதால் போக முடியவில்லை. அப்போதும் மூன்று நாள் இப்படித்தான் மரம் மாதிரி இருந்தாள்.

நெடுஞ்செழியன் அவளை சும்மா ஒரு ரவுண்டு அழைத்துப் போனார். பழைய ஓனர் விட்டுவிட்டுப் போன சிடி பாடியது. ஒரு எழுத்துப் புரியவில்லை, ஆனால் யாமினி டர்ன்பைக் நெடுஞ்சாலை முழுக்க அழுதாள். அவர் ஏன் என்றும் கேட்கவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை.

மறுநாள் வெட்கமாகிவிட்டது. “அந்த அழுமூஞ்சிப் பாட்டை எடுத்துடுங்க” என்றாள்.

“வரமாட்டேங்குது, மாட்டிக்கிச்சு. நீ எதையும் அமுக்கிடாதே, உள்ளயே உடைஞ்சிடும்” என்றார் அவர்.

ரிப்பேருக்குக் கொடுங்கள் என்றால் அடுத்த வாரம் என்பார். எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷன் என்று அவளும் விட்டுவிட்டாள். பிரிட்ஜ்வாட்டர் கோவிலில் பெருமாளைச் சேவிக்கப் போகும் வழியில்கூட ஃப்ரெஞ்சுப் புலம்பல்தான். வேலை போனபோதும், இரண்டாவது கர்ப்பம் கலைந்தபோதும், “ஒரு ரவுண்டு போலாமா?” என்று சாவியை எடுத்தார். அவள் அழுதாள், அவர் ஓட்டினார்.

இன்று அதே பாட்டு. யாமினி டிரைவ்வேயில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றுமே தோன்றவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பதினைந்து வயது மகள் ரோஷினி டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக் கதவு வழியாகக் குனிந்து கிளவ் பாக்ஸைக் காலி செய்துகொண்டிருந்தாள். மூன்று நாதஸ்வர சிடிகள் வந்தன. எடுத்து எடுத்து வைத்ததில் உறைகளின் மூலையெல்லாம் வெளுத்திருந்தது.

“பிளேயர்தான் அடைச்சுக் கிடக்கே, இதை எதுக்கு வாங்கி வெச்சாரோ!” என்று யாமினி அவற்றை வாங்கிப் பையில் போட்டாள்.

“இந்த சிடி உங்களுக்கு வேணும்ல ஆன்ட்டி?” என்றபடி மாளவிகா பட்டனில் விரலை வைத்தாள்.

“அமுக்காதேம்மா, அது…”

சிடி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பாட்டு நின்றது.

“நல்லாத்தானே வருது ஆன்ட்டி?”

“பதினோரு வருஷமா மாட்டிக்கிட்டிருந்ததும்மா” என்றாள் யாமினி.

ரோஷினி தலையைக் குனிந்துகொண்டாள். “நோ அம்மா. நானும் அப்பாவும் மட்டும் போறப்போ நாதஸ்வரம்தான் கேப்போம். உன்னை பிக்அப் பண்ண டர்ன் பண்றப்போ, இதை மாத்திப் போட்டுடுவார். டோன்ட் டெல் அம்மான்னார்.”

யாமினி மகளை நகர்த்திவிட்டு உள்ளே உட்கார்ந்தாள். பதினோரு வருஷமாக உட்கார்ந்த அதே சீட்டு.

“எதுக்குடி?”

“அம்மாவுக்கு அழறதுக்கு ஒரு இடம் வேணும்னார்.”