கூக்கால் ஓடைக் கல்

"சார், பதமாத் தட்டுங்க" என்று என் வீட்டுக்காரர் கெஞ்சினார்.

மெட்ராஸிலிருந்து வந்திருந்த புரொபசர் திருமலைச்சாமி அந்தக் கல்லை எங்கள் கடை மேசையில் சாக்கு விரித்து வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைக்குக் காது குத்தும்போது பெற்றவர் பதறுவதைப் போல இவர் பதறினார்.

செண்பகனூர் ரோட்டோரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சுப்புராஜுக்குக் கல்லில் என்ன சோலி என்று கேட்காதவர்கள் இல்லை. கேட்டுக் கேட்டு எனக்கே வாய் வலித்துவிட்டது. மளிகை வாங்கத் திருச்சிக்குப் போனால், மனிதர் பருப்போடு ஊட்டத்தூர்க் கல்லையும் மூட்டை கட்டிக்கொண்டு வருவார். எல்லாவற்றிலும் இலை பதிந்திருக்கும். மனுஷனே பிறக்காத காலத்து இலையாம். அத்தனையையும் யுனிவர்சிட்டிக்கு அனுப்பிவிடுவார். அங்கே கண்ணாடி அலமாரியில் இவர் பேர் எழுதி வைத்திருக்கிறார்களாம். கடையில் மாவாட்ட ஆளில்லை, இதற்கு மட்டும் குறைச்சலில்லை.

இந்தக் கல் கூக்காலுக்குப் பூண்டு வாங்கப் போனபோது ஓடையில் கிடைத்தது. நம் மலையிலேயே இலைக் கல் என்றால் அது புதுசு, நீங்கள் சொல்லும் பேரையே அந்த இலைக்கு வைக்கிறேன் என்று சொல்லித்தான் புரொபசர் புறப்பட்டு வந்தார்.

இவர் கண்மணி என்று சொல்லியிருந்தார்.

கண்மணி எங்கள் ஒரே மகள். ஐம்பத்திமூன்றாம் வருஷத்து ஐப்பசியில், தாலிக்குப் பொன் உருக்கிய வாரம், கடைக்குச் சாப்பாட்டு இலை தைக்க இலை பறிக்கப் போனவளை ஓடை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. தாவணி மட்டும் பாறையில் சிக்கிக் கிடந்தது. உடம்பு கிடைக்காமலே கருமாதி செய்தோம்.

அதற்குப் பிறகுதான் இவர் கல் பொறுக்கத் தொடங்கினார். அதனால் நான் திட்டுவேனே தவிர, ஒரு கல்லையும் தூக்கி எறிந்ததில்லை.

இன்றைக்கு என் பிள்ளை பேர் புத்தகத்தில் ஏறப்போகிறது என்று வெள்ளனே குளித்துக் கேசரி கிண்டி வைத்திருந்தேன்.

கல்லின் மேல் ஓடு சில்லாகப் பெயர்ந்தது. புரொபசர் லென்ஸை வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"சுப்புராஜ், மனசு விட்டுடாதீங்க. ரெண்டு இலையைச் சேர்த்து ஈர்க்கு குத்தியிருக்கு. இது யாரோ சாப்பிட்டுப் போட்ட தையல் இலை."

சுண்ணாம்புத் தண்ணீர் ஓடும் இடத்தில் எது விழுந்தாலும் அதன்மேல் கல் படிந்துவிடுமாம்.

எச்சில் இலைக்கா என் மகள் பேர்? அந்தச் சனியனை ரோட்டில் வீசலாம் என்று கையில் எடுத்தேன்.

எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

ஈர்க்கின் நுனி மடங்கி, மறுபடி இலைக்குள் செருகியிருந்தது. சாப்பிடுகிறவர் விரலில் குத்தக்கூடாது என்று கண்மணிதான் அப்படிச் செய்வாள். நேரம் ஆகிறதென்று அதற்கே என்னிடம் எத்தனை அடி வாங்கியிருக்கிறாள்! வேறு யாரும் அப்படித் தைத்து நான் பார்த்ததே இல்லை.

"ஏங்க, இது நம்ம புள்ள தச்சதுங்க."

இவர் தடவிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "ஆமா சிவபாக்கியம். நம்ம கடைப் பொட்டலத்த யாரோ கூக்கால் வரைக்கும் கொண்டுபோயிருக்காக!" என்று சிரித்தார். எந்தப் பேரும் வேண்டாம், இந்த இலை போதும் என்று எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் கை பட்டதென்று எங்களிடம் வேறொன்றும் இல்லை.

புரொபசர் மட்டும் சிரிக்கவில்லை.

"அவங்க தவறி எத்தனை வருஷமாச்சு?"

"ஒம்பது வருஷம் சார்."

கல்லை என் கையிலிருந்து வாங்கி, உடைந்த ஓரத்தை மறுபடி லென்ஸில் பார்த்தார். விரலால் வருடி எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"வருஷத்து மழைக்கு ஒரு வரியாத்தான் இது படியும்மா. இதுல மூணு வரிதான் இருக்கு."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் கண்மணி எங்கேயோ உட்கார்ந்து இலை தைத்திருக்கிறாள்.