பயந்த முகம்

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்ப்பது ஜெசிந்தாவின் வேலை. கவனம் சிதறாமல் இருக்க, அவள் திரையில் ஒரு பயந்த முகம் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் தோன்றி மறைந்துகொண்டே இருக்கும். மூன்று மாதமாக ஒரு கடத்தல் சரக்குகூட அவளிடம் தப்பவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள், கணவனின் மடியில் இருந்த மகள் மெர்லினைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

“ஏன்டி பயப்படுத? அப்பா என்ன செஞ்சாரு?”

“சிரிச்சிக்கிட்டுதானம்மா இருக்கேன்.”

ஜெசிந்தா நம்பவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடினாள். அங்கும் அதே முகம் தோன்றி மறையும் திரைகளை வைத்து ஒரு வருடம் ஆகிறது. திரையிலிருந்து திரும்பிய பெண் காவலரைப் பார்த்து மெர்லின் சிரித்தாள்.

“பாவம், பிள்ளை ரொம்பப் பயந்திருக்கு” என்றார் அவர். “அப்பா பேரைச் சொல்லுங்க.”