மூன்றடி உயரம்

"மூணடி ஏறணும்னா முப்பத்தாறு அடி நீளம் வேணும் சார். இருக்கிறது இருபத்து நாலு. மிச்சம் பன்னிரண்டு அடிக்கு நான் எங்க போவேன்?"

பொறியாளர் அளவு நாடாவைச் சுருட்டி, மறுபடி இழுத்துப் பார்த்தார். நாடா இரக்கம் காட்டவில்லை. சமுதாயக் கூடத்தின் சுவரிலிருந்து தெரு வரைக்கும் அதே இருபத்து நாலு அடிதான். முன்பிருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டதால், வரைபடம் இவர் கைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது.

கூடத்துக்குச் சுவர் எழுந்து, கூரையும் போட்டாகிவிட்டது. உள்ளே மண் நிரப்பி, இடித்து, சமன் செய்திருந்தார்கள். தரை போடவில்லை. கதவுக்கு நிலைகூட வைக்கவில்லை. ஆனால் வாசலில் ஆறு படிகளும், பக்கத்தில் ஒரு சாய்தளமும் எல்லாவற்றுக்கும் முன்பே தயார். 'எல்லோருக்குமான கட்டடம்' என்று சான்றிதழ் வாங்கப் போகிற கட்டடம் ஆயிற்றே.

"எதுக்கு அவ்வளவு நீளம்? ஏறினா சரி" என்றார் சங்கத் தலைவர்.

"ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சார். சக்கரத்தைத் தள்ளுறவங்க, ஒவ்வொரு தள்ளலுக்கும் நடுவுல கையை எடுத்துட்டு மறுபடி பிடிக்கணும். அந்த ஒரு நொடியில நாற்காலி பின்னாடி ஓடிடக் கூடாது. அதுக்குத்தான் இந்த அளவு."

"அதெல்லாம் ஓடாது. டீச்சர், நீங்க ஏறிக் காட்டுங்க."

தையல் டீச்சர் சக்கர நாற்காலியைத் திருப்பி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தள்ளினார். பாதி தூரம் ஏறிவிட்டார். அடுத்த பிடிக்காகக் கையை எடுத்ததும் நாற்காலி தெருவைப் பார்த்துக் கிளம்பியது. மேஸ்திரி ஓடி வந்து பிடித்தார்.

"பிரேக் சரியில்லை போல" என்றார் தலைவர்.

அடுத்த மாதம் இந்தக் கூடத்தில் தொடங்கும் தையல் வகுப்பு டீச்சருக்கென்று பேசி முடித்ததுதான். ஆனால், உள்ளே வரவே சிரமப்படுகிறவரை எதற்கு அலைக்கழிக்க வேண்டும், வேறு ஆளைப் போட்டுவிடலாமே என்று தலைவர் ஒரு வாரமாகப் பரிவோடு சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பரிவிலிருந்து தப்பிக்கத்தான் டீச்சர் இன்று வந்திருந்தார்.

"இதுக்குப் போய் ஏன் மண்டையை உடைச்சுக்கணும்? நம்ம சங்கத்துல ஆளா இல்லை? நாலு பேர் சேர்ந்து தூக்கி உள்ள வெச்சிடலாம்."

"நாலு பேர் தூக்குற நாள் எல்லாருக்கும் ஒரு தடவை வரும் தலைவரே. எனக்கு மட்டும் எதுக்கு தினமும்?"

மேஸ்திரி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

பொறியாளர் இதற்குள் ஒரு குச்சியை எடுத்துத் தரையில் கோடு போட ஆரம்பித்திருந்தார். "மடக்கிக் கட்டினா என்ன? சுவர்ல இருந்து தெருப் பக்கமா பதினெட்டு அடி. அங்க நாற்காலி திரும்ப அஞ்சடிக்கு அஞ்சடி சமதளம். திரும்பி வாசலுக்குப் பதினெட்டு அடி. ஏறுறது முப்பத்தாறு, எடுக்கிற இடம் இருபத்து மூணு. ஓரடி மிச்சம்கூட இருக்கு பாருங்க."

அவர் முகம் மலர்ந்த அதே வேகத்தில் குச்சி ஒரு கல்லில் முட்டி நின்றது. சமதளம் வர வேண்டிய மூலையில் பளபளவென்று ஒரு கல்வெட்டு.

"அது நகராது" என்றார் தலைவர். "திறப்பு விழாக் கல்லு. என் பேரு தெருவுல போறவனுக்குத் தெரியணுமில்ல?"

"கொஞ்சம் தள்ளி வெச்சா..."

"தள்ளி வெச்சா மரம் மறைக்கும். மரத்தை வெட்டினா பேரு கெட்டுடும்."

"சரி, ஒரு சின்ன லிஃப்ட்?"

"மூணடிக்கு லிஃப்டா? பார்க்கிறவன் வாயால சிரிக்க மாட்டான்."

பொறியாளர் குச்சியைப் போட்டுவிட்டு முதல் படியில் உட்கார்ந்தார். டீச்சர் நாற்காலியை அவர் அருகே உருட்டி வந்தார்.

"எனக்கு ஒண்ணு புரியலை தம்பி. இந்தத் தெருவுல வெள்ளம் வருமா?"

"வெள்ளமா?" மேஸ்திரி குறுக்கிட்டார். "எவ்வளவு மழை பேஞ்சாலும் அரை மணியில காஞ்சிடும்மா."

"அப்ப எதுக்கு மூணடி உயரம்?"

பொறியாளர் வரைபடத்தைப் பிரித்தார். "இதுல அப்படித்தான் போட்டிருக்கு."

"அது ரெண்டாவது பிளான் சார்" என்றார் மேஸ்திரி, தலையைச் சொறிந்தபடி. "முதல் பிளான்ல தெருவும் தரையும் ஒரே மட்டம். சுவர் எழுப்பினதுக்கு அப்புறம்தான் உள்ள மண்ணடிச்சு ஏத்தச் சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

மேஸ்திரி தலைவரைப் பார்த்தார். தலைவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"நான்தான். சான்றிதழுக்கு ஒரு ஃபார்ம் வந்தது. அதுல 'சாய்தளம் உண்டா, இல்லையா'ன்னு ஒரு கேள்வி. இல்லைன்னு எழுதினா நம்மளை இரக்கமே இல்லாதவங்கன்னு நினைக்க மாட்டாங்களா? தெரு மட்டத்துல இருக்கிற கூடத்துக்கு சாய்தளம் எப்படிக் கட்டுறது? அதான், முதல்ல மூணடி ஏத்தினோம்."

பொறியாளர் எழுந்து, நாடாவைப் பைக்குள் போட்டார்.

"மேஸ்திரி, படியையும் சாய்தளத்தையும் உடைச்சிட்டு, உள்ள இருக்கிற மண்ணை அள்ளிடுங்க. டீச்சர் தெருவுல இருந்து நேரா உள்ள வந்துடுவாங்க."