கடைசிக்கு முந்தின ஆள்

'பாவம், அந்தம்மாவால் முடியவில்லை' என்று நினைத்தபடியே கண்ணாடிக்காரர் சைக்கிளை மிதித்தார். திரும்பிப் பார்த்தால், தலை நரைத்த அந்த அம்மா மேட்டின் அடிவாரத்திலேயே ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்து கொடுத்தவர். வருஷக்கணக்காக நாற்காலியில் உட்கார்ந்து அதைச் செய்ததில் தொப்பைதான் மிச்சம். மச்சினன் உசுப்பேற்றினான் என்று இந்தச் சைக்கிள் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, இப்போது முழி பிதுங்கிக்கொண்டிருந்தார்.

"அத்தான், நீங்கதான் கடைசி. நான் ஏரிக்கரையில போனும் கையுமா நிக்கிறேன். நீங்க வர்றதைப் படம் பிடிச்சுக் குடும்ப குரூப்ல போடணும்ல?"

காலையில் இப்படிச் சொல்லிவிட்டு முன்வரிசைக்குப் பறந்துபோன மச்சினனை அதற்கப்புறம் பார்க்கவில்லை. மற்றவர்களையும்தான். கடைசியாகப் போய்ச் சேர்ந்தால் ஆயுசுக்கும் அவன் வாயில் விழுந்து எழ வேண்டியதுதான் என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியும்.

நல்லவேளையாக இவருக்குப் பின்னால் அந்தம்மா இருந்தார். அந்த ஒரு தெம்பில்தான் இவர் கால்கள் சுற்றின.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே செயின் கழன்றிருந்தது. முக்கி முனகி மாட்டிவிட்டு, அந்தக் கிரீஸ் கையாலேயே கண்ணாடியைத் துடைத்துத் தொலைத்தார். பட்டப்பகலில் உலகம் இருட்டிப்போனது. அந்தம்மா பக்கத்தில் வந்து வண்டியை நிறுத்தி, துடைத்துக்கொள்ள ஒரு பழைய துணியை நீட்டினார்.

"ஒண்ணும் அவசரமில்ல. நீங்க கொஞ்சம் நின்னு மூச்சு விட்டுக்கங்கம்மா" என்றார் கண்ணாடிக்காரர் பெருந்தன்மையாக.

"சரிங்க சார்" என்றார் அந்தம்மா. மூச்சு இரைத்தது என்னவோ இவருக்குத்தான்.

அடுத்து ஒரு நாய் துரத்தியது. அன்றைக்கு இவர் வேகமாகப் போனது அப்போது மட்டும்தான். நாய்க்குப் பயந்து கிடைத்த சந்தில் நுழைந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்து, கடைசியில் ஒரு மர அறுவை மில்லின் பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நின்றார். சற்று நேரத்தில் அந்தம்மாவும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

"இது வழியில்ல சார். அந்த வளைவுல இடது பக்கம் திரும்பியிருக்கணும்."

"அடடா, என்னை நம்பி நீங்களும் வந்து மாட்டிக்கிட்டீங்களேம்மா."

"பரவாயில்ல சார். திரும்பிப் போயிடலாம்."

சிடுசிடுக்கவில்லை, ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இந்த அம்மாவைப் போய்த் தவறான வழியில் இழுத்துவந்துவிட்டோமே என்று கண்ணாடிக்காரருக்கு வெட்கமாகிவிட்டது. அதற்கப்புறம் மேடு வரும்போதெல்லாம் இறங்கி, அவர் வந்து சேரும்வரை நின்றார். துணைக்காகத்தான் நிற்பதாக மனதார நம்பினார். உட்கார்ந்து மிதித்தால் பின்பக்கம் எரிந்தது, எழுந்து மிதித்தால் முட்டி வலித்தது. அதெல்லாம் வேறு விஷயம்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் ஒரு மரத்தடியில் ஒதுங்கினார்கள். அந்தம்மாவின் போன் அடித்தது.

"ஆமா, எல்லாருக்கும் பின்னாடிதான் இருக்கேன்" என்று அவர் தாழ்ந்த குரலில் பேசினார். "இன்னும் நேரமாகும். நீங்கள்லாம் சாப்பிடுங்க, எனக்காகக் காத்திருக்க வேணாம்."

கண்ணாடிக்காரர் ஒன்றும் காதில் விழாதவர்போல மழையைப் பார்த்தார். வீட்டு மனிதர்கள் போலிருக்கிறது. தனக்கு ஒரு மச்சினன் வாய்த்த மாதிரி, அந்தம்மாவைக் கேலி பண்ணவும் கரையில் யாராவது நிற்கிறார்களோ என்னவோ. நாள் முழுக்க 'இவர் பின்னால் இருக்கிறாரே' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தது இப்போது அவர் நெஞ்சை உறுத்தியது.

பொழுது சாய்கிற நேரத்தில் ஏரி தெரிந்தது. கரையில் பயணம் முடியும் இடத்தில் கட்டியிருந்த துணி வளைவுக்குக் கீழே மச்சினன் போனை நீட்டிக்கொண்டு நின்றான். இன்னும் கொஞ்சம் மிதித்தால் போதும், மானம் பிழைத்துவிடும்.

கண்ணாடிக்காரர் பிரேக்கைப் பிடித்தார். காலை அகட்டி அகட்டி வைத்து இறங்கி, வண்டியைப் பாதை ஓரமாக ஒதுக்கினார். அந்தம்மாவும் வந்து நின்றார்.

"என்னாச்சு சார்? மறுபடியும் செயினா?"

"இல்லம்மா. நீங்க முன்னாடி போங்க."

"வேணாம் சார். நீங்க போங்க."

"சொன்னாக் கேளுங்கம்மா. என் மச்சினன்கிட்டப் பேச்சு வாங்கி எனக்குப் பழகிப்போச்சு. நான் கடைசியா வந்தேன்னு இருந்துட்டுப் போகட்டும். உங்களைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது." தன் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய தியாகம் எதையும் அவர் செய்ததில்லை.

அந்தம்மா துணி வளைவைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். தயங்கியபடி ஹேண்டில்பாரைத் தடவினார்.

"நான் முன்னாடி போனா என்னைத் திட்டுவாங்க சார்."

"யாரு திட்டுவாங்க? எதுக்குத் திட்டணும்?"

"கடைசி ஆளுக்குப் பின்னாடி வரத்தான் சார் எனக்குச் சம்பளம்."